ஒரு போல்ட்டின் கார்பன் கணக்கு: ஐரோப்பிய எல்லை விதிகளும் நம் விளையாட்டுக் கருவித் தொழிலும்

பாண்டுப் மேற்கில் லால் பகதூர் சாஸ்திரி சாலை ஒரு காலத்தில் ஆலைகளின் பெயராலேயே அறியப்பட்டது. சியட் டயர், ஏஷியன் பெயின்ட்ஸ், திருகாணிகளும் போல்ட்டுகளும் செய்த கெஸ்ட் கீன் வில்லியம்ஸ் ஆகிய பெரிய நிறுவனங்கள் இச்சாலையை ஒட்டி இயங்கின. தமிழகத்திலிருந்து வேலை தேடி மும்பைக்கு வந்த நம்மவர் பலரும் இத்தகைய ஆலைகளில்தான் கைத்தொழில் கற்றனர். இன்று அச்சாலையில் வணிக வளாகங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் உயர்ந்து நிற்கின்றன. ஆயினும் தொழில் முற்றிலும் மறைந்துவிடவில்லை. 'காலா' என்று இங்கு அழைக்கப்படும் சிறு தொழிற்கூடங்களில் லேத்தும், மரை உருட்டும் எந்திரமும், வெல்டிங்கும், பவுடர் கோட்டிங்கும் தொடர்கின்றன. இவற்றை நடத்துவோருள் உடற்பயிற்சிக் கருவிகளுக்கான குழாய்ச் சட்டங்கள், பிராக்கெட்டுகள், போல்ட்டுகள் ஆகியவற்றைச் செய்து தருவோரும் உண்டு.

விளையாட்டுக் கருவி என்றதும் நம் நினைவுக்கு வருபவை ஜலந்தரும் மீரட்டும்தாம். 1947ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது சியால்கோட்டிலிருந்து வந்த கைவினைஞர்கள் அவ்விரு நகரங்களிலும் தொழிலை வேரூன்றச் செய்தனர். பந்து, மட்டை, வலை ஆகியவை அங்கிருந்து உலகெங்கும் செல்கின்றன. ஆனால் இன்றைய விளையாட்டுச் சந்தையில் தோலுக்கும் மரத்துக்கும் நிகராக உருக்கும் அலுமினியமும் இடம்பிடித்துள்ளன. டம்பெல், பார்பெல், பளு தூக்கும் மேடை, ஓடுபொறி, கோல் கம்பம் என எதை எடுத்தாலும் அதன் எடையில் பெரும்பகுதி உலோகமே. உலோகம் என்றாலே அதனை உருக்கியபோது வெளியேறிய கரியமில வாயுவின் கணக்கும் கூட வருகிறது. அக்கணக்கை ஐரோப்பா இப்போது கேட்கத் தொடங்கியுள்ளது.

ஏற்றுமதிக் கடன் பெறும் சிறு தொழில்முனைவோர் சிலர் எங்களிடம் அண்மைக்காலமாக எழுப்பும் கேள்வி இதுதான்: "வாங்குபவர் கார்பன் விவரம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். இது எங்களுக்குப் பொருந்துமா? எவ்வளவு செலவாகும்?" அக்கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விதி கூறுவது என்ன?

ஐரோப்பிய ஒன்றியம் 2005ஆம் ஆண்டு முதல் தன் ஆலைகளின் உமிழ்வுக்கு விலை வைத்துள்ளது. உள்நாட்டு ஆலை கார்பனுக்கு விலை கொடுக்க, வெளிநாட்டுச் சரக்கு அவ்விலை ஏதுமின்றி நுழைந்தால் போட்டி சமமாகாது என்பது அதன் வாதம். இதனை ஈடுசெய்யக் கொண்டுவரப்பட்டதே 'கார்பன் எல்லைச் சரிசெய்முறை'. வணிக வட்டாரத்தில் இதனைச் சுருக்கமாக 'சிபாம்' என்பர். 2023 அக்டோபர் 1 முதல் 2025 டிசம்பர் 31 வரை தகவல் மட்டுமே கேட்கப்பட்டது. 2026 ஜனவரி 1 முதல் பணப்பொறுப்பும் தொடங்கிவிட்டது. 2026ஆம் ஆண்டு இறக்குமதிக்கான சான்றிதழ்கள் 2027 பிப்ரவரி முதல் விற்கப்படும். அவ்வாண்டுக்கான முதல் அறிவிக்கையை இறக்குமதியாளர் 2027 செப்டம்பர் 30க்குள் அளிக்க வேண்டும்.

விதியின் வரம்பில் உள்ளவை இரும்பு மற்றும் உருக்கு, அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை மட்டுமே. தோல், மரம், ரப்பர், துணி ஆகியவை இப்பட்டியலில் இல்லை. ஆகவே மீரட்டின் கிரிக்கெட் மட்டைக்கோ, ஜலந்தரின் பந்துக்கோ, தாராவியின் தோல் பொருளுக்கோ இவ்விதியால் இன்று நேரடிச் சுமை கிடையாது.

பிரிட்டன் தனக்கென ஒரு முறையை 2027 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தவுள்ளது. அதிலும் உருக்கும் அலுமினியமும் உண்டு. 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான இந்திய-பிரிட்டன் வணிக ஒப்பந்தம் சுங்க வரியில் சலுகை தருகிறது. கார்பன் கணக்கிலிருந்து அது விலக்கு அளிக்கவில்லை.

ஒரே போல்ட், இருவேறு நிலை

விதி பொருந்துமா என்பதைப் பொருளின் பெயர் தீர்மானிப்பதில்லை. சுங்கக் குறியீட்டு எண்ணே தீர்மானிக்கிறது. உடற்பயிற்சிக் கருவிகளும் பிற விளையாட்டுக் கருவிகளும் 9506 என்னும் தலைப்பில் வருகின்றன. இத்தலைப்பு இன்று சிபாம் பட்டியலில் இல்லை. எனவே முழுமையாகப் பொருத்தப்பட்ட ஓர் உடற்பயிற்சிக் கருவி ஹாம்பர்க் துறைமுகத்தில் இறங்கினால், அதனுள் எத்தனை கிலோ உருக்கு இருந்தாலும் கார்பன் சான்றிதழ் தேவைப்படாது.

அதே கருவியில் பூட்டப்படும் போல்ட்டுகளைத் தனியே பெட்டியில் அடுக்கி உதிரிபாகமாக அனுப்பினால் நிலைமை மாறுகிறது. போல்ட், நட்டு, திருகாணி முதலிய பொதுப்பயன் உதிரிகள் எந்தக் கருவிக்காகச் செய்யப்பட்டாலும் 7318 என்னும் தலைப்பிலேயே வகைப்படுத்தப்படும். அத்தலைப்பு சிபாம் பட்டியலில் உள்ளது. உருக்குக் குழாய்க்குரிய 7306, இதர உருக்குப் பொருள்களுக்குரிய 7326, இதர அலுமினியப் பொருள்களுக்குரிய 7616 ஆகியவையும் அவ்வாறே. ஆக, முழுக் கருவி செய்து அனுப்பும் பெரிய நிறுவனம் வரம்புக்கு வெளியே இருக்க, உதிரி செய்து தனியே அனுப்பும் சிறு காலா வரம்புக்குள் வந்துவிடக்கூடும். நம் வாடிக்கையாளர் முதலில் பார்க்க வேண்டியது தம் ஷிப்பிங் பில்லில் உள்ள குறியீட்டு எண்ணையே.

இந்த எல்லைக்கோடும் நிலையானதன்று. உருக்கும் அலுமினியமும் மிகுந்த ஏறத்தாழ 180 வகை உற்பத்திப் பொருள்களை 2028 முதல் வரம்புக்குள் கொண்டுவர ஐரோப்பிய ஆணையம் 2025 டிசம்பர் 17 அன்று முன்மொழிந்துள்ளது. அது ஐரோப்பிய நாடாளுமன்றமும் உறுப்பு நாடுகளின் மன்றமும் ஏற்ற பின்னரே சட்டமாகும். பட்டியல் வளரும் திசையை மட்டும் இது தெளிவாகக் காட்டுகிறது.

50 டன் விலக்கு யாருக்கு?

2025ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு விலக்கு அளித்துள்ளது. ஓர் ஆண்டில் மொத்தம் 50 டன்னுக்கு மேற்படாத சிபாம் பொருள்களை இறக்குமதி செய்பவருக்குக் கடமை இல்லை. இறக்குமதியாளருள் சுமார் 90 விழுக்காட்டினர் இதனால் விடுபடுவர் என்றும், உமிழ்வில் 99 விழுக்காடு அப்போதும் கணக்கில் இருக்கும் என்றும் ஆணையம் கூறுகிறது.

இங்கேதான் பலர் தவறாகப் பொருள் கொள்கின்றனர். "நான் ஆண்டுக்கு 20 டன்தான் அனுப்புகிறேன், எனக்கு விலக்கு உண்டு" என்று எண்ணுவது சரியன்று. 50 டன் என்பது ஏற்றுமதியாளரின் அளவு அன்று. இறக்குமதியாளர் உலகின் எல்லா நாடுகளிலிருந்தும் வாங்கும் சிபாம் பொருள்களின் கூட்டுத்தொகை. நீங்கள் 2 டன் மட்டுமே அனுப்பினாலும், உங்கள் வாடிக்கையாளர் சீனாவிலிருந்து 60 டன் வாங்குபவராயின் உங்கள் 2 டன்னும் கணக்கில் சேரும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: "நீங்கள் இவ்வாண்டு 50 டன்னைத் தாண்டுவீர்களா?" இக்கேள்வியை வாங்குபவரிடம் எழுத்தில் கேட்டு, விடையையும் எழுத்தில் பெற்றுக்கொள்வது நலம்.

எண்களில் பார்ப்போம்

தொடக்க ஆண்டுகளில் சுமை மிகக் குறைவு, 2026இல் வெறும் 2.5 விழுக்காடுதான் என்றொரு கருத்து பரவியுள்ளது. அது பாதி உண்மை. ஐரோப்பிய ஆலைகளுக்கு இதுவரை வழங்கப்பட்டுவந்த இலவச ஒதுக்கீடு 2026இல் 2.5 விழுக்காடும், 2027இல் 5 விழுக்காடும், 2030இல் 48.5 விழுக்காடும் குறைக்கப்பட்டு 2034இல் முற்றிலும் நீங்கும். இறக்குமதிச் சரக்கிலும் அதே அளவு கழிவு தரப்படும். ஆனால் அக்கழிவு உங்கள் முழு உமிழ்வுக்கும் தரப்படுவதில்லை. திறன்மிக்க ஆலைகளை வைத்து நிர்ணயிக்கப்பட்ட ஓர் 'ஒப்பளவு' வரைதான் கழிவு. அதற்கு மேற்பட்ட உமிழ்வு முழுவதற்கும் முதல் ஆண்டிலிருந்தே விலை உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். இதிலுள்ள எண்கள் கணக்கின் போக்கை விளக்க நாங்கள் கொண்டவை. நடப்பு விலைகள் அல்ல. ஒரு டன் போல்ட்டுக்கு ஒப்பளவு 1.4 டன் கரியமில வாயு. ஒரு டன் வாயுவின் விலை 80 யூரோ. ஒரு யூரோ 100 ரூபாய். பாண்டுப்பில் உள்ள ஒரு காலா ஆண்டுக்கு 20 டன் போல்ட் அனுப்புகிறது.

முதல் நிலை: போல்ட்டின் உள்ளுறை உமிழ்வு டன்னுக்கு 2.5 டன். 2026இல் கழிவு 1.4இன் 97.5 விழுக்காடு, அதாவது 1.365. எஞ்சுவது 1.135. விலை 90.80 யூரோ. 20 டன்னுக்கு 1,81,600 ரூபாய்.

இரண்டாம் நிலை: வேறோர் ஆலையின் கம்பியை வாங்கியதால் உமிழ்வு 1.6 டன். எஞ்சுவது 0.235. விலை 18.80 யூரோ. 20 டன்னுக்கு 37,600 ரூபாய்.

2034இல் கழிவு ஏதுமிராது. அப்போது முதல் நிலைக்கு 4,00,000 ரூபாய். இரண்டாம் நிலைக்கு 2,56,000 ரூபாய். இரு நிலைகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். 2026இலும் அது 1,44,000 ரூபாய். 2034இலும் அதே 1,44,000 ரூபாய். பொதுவான சுமை படிப்படியாக ஏறும். ஆனால் நல்ல உருக்குக்கும் மற்ற உருக்குக்கும் இடையிலான வேறுபாடு முதல் நாளிலேயே முழுமையாக விழுந்துவிடுகிறது. காத்திருப்பவருக்கு எட்டு ஆண்டு அவகாசம் இருப்பதாகத் தோன்றுவது இதனால்தான் ஏமாற்றமாக முடியும்.

சட்டப்படி இத்தொகையைச் செலுத்துபவர் ஐரோப்பிய இறக்குமதியாளரே. எனினும் வணிகம் அறிந்தவர்களுக்குத் தெரியும், அடுத்த விலைப்பேச்சில் அத்தொகை நம் பக்கமே திரும்பும். அதைவிடப் பெரிய இடர் ஒன்றும் உண்டு. விவரம் தர முடியாத சப்ளையரை விடுத்து விவரம் தருபவரிடம் ஆர்டர் சென்றுவிடலாம். எடுத்துக்காட்டில் கண்ட காலாவுக்கு ஓராண்டில் ஒன்றேமுக்கால் லட்சம் ரூபாய் தாங்கக்கூடியதாக இருக்கலாம். ஆர்டரே போனால் எந்திரத்துக்கு வாங்கிய கடனின் தவணையும் தொழிலாளரின் சம்பளமும் கேள்விக்குள்ளாகும்.

அந்த எண் எங்கே பிறக்கிறது?

போல்ட்டின் உமிழ்வில் ஆகப் பெரும்பகுதி பாண்டுப்பில் உண்டாவதன்று. கம்பி உருக்கப்பட்ட ஆலையில் உண்டாவது. சில உருக்கு, அலுமினியப் பொருள்களில் இறுதிச் செம்மைப் பணிகளின் உமிழ்வைக் கணக்கிலிருந்தே 2025ஆம் ஆண்டுத் திருத்தம் விலக்கியுள்ளது. உருக்குக்கும் அலுமினியத்துக்கும் தற்போது நேரடி உமிழ்வு மட்டுமே கணக்கிடப்படுகிறது. மின்சாரத்தின் வழி வரும் உமிழ்வு சேர்க்கப்படுவதில்லை. எனவே கூரையில் சூரிய மின்தகடு பொருத்துவது மின்கட்டணத்துக்கு நல்லது. சிபாம் கணக்கை அது இப்போது குறைக்காது. இதனை அறியாமல் "ஐரோப்பாவுக்காக" என்று சொல்லிக் கடன் கேட்பவரிடம் நாங்கள் முதலில் எடுத்துரைப்பது இதையே.

உருக்கு எவ்வழியில் உண்டாயிற்று என்பதுதான் முதன்மையானது. ஊதுலையிலும், நிலக்கரி கொண்டு செய்யும் ஸ்பாஞ்ச் இரும்பிலும் நேரடி உமிழ்வு மிகுதி. பழைய இரும்பை மின்உலையில் உருக்கினால் நேரடி உமிழ்வு மிகக் குறைவு. இந்திய உருக்கின் சராசரி உமிழ்வு டன்னுக்கு ஏறத்தாழ 2.5 டன் என்று கணக்கிடப்படுகிறது. இது உலகச் சராசரியை விட அதிகம். மகாராஷ்டிரத்தின் ஜால்னா போன்ற இடங்களில் உள்ள மின்தூண்டல் உலைகளிலும் ஸ்பாஞ்ச் இரும்பு எவ்வளவு, பழைய இரும்பு எவ்வளவு என்ற கலவையைப் பொறுத்து எண் மாறும். டன்னுக்கு 500 ரூபாய் குறைவாகக் கிடைக்கும் கம்பி, எல்லையில் 7,000 ரூபாய் கூடுதலாகக் கேட்கும் கம்பியாகவும் இருக்கலாம்.

இன்னொன்று, சேதாரம். ஒரு டன் போல்ட்டுக்கு 1,050 கிலோ கம்பி செலவாயின், அந்த 1,050 கிலோவின் உமிழ்வும் போல்ட்டின் மீதே ஏறும். 2.5 என்பது 2.625 ஆகும். வெட்டுக்கழிவைக் குறைப்பது பொருட்செலவையும் கார்பன் செலவையும் ஒருங்கே குறைக்கும்.

உண்மை எண்ணைத் தர இயலாவிடில் ஆணையம் வெளியிட்டுள்ள இயல்பு மதிப்பு பயன்படுத்தப்படும். அதன்மீது ஒரு மிகைவிகிதமும் சேர்க்கப்படுகிறது. உண்மை எண்ணைத் தருவதாயின் அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளரின் சான்று தேவை. 20 டன் அனுப்பும் கூடத்துக்குச் சரிபார்ப்புக் கட்டணமே சேமிப்பை விழுங்கிவிடக்கூடும். 200 டன் அனுப்புபவருக்கு அது எளிதில் கட்டுப்படியாகும். இரண்டு வழிகளின் செலவையும் எழுதிப் பார்த்து, இறக்குமதியாளருடன் பேசி முடிவெடுப்பதே வணிக முறை.

நம் நாட்டின் ஏற்பாடு

பிறந்த நாட்டிலேயே கார்பனுக்கு விலை செலுத்தப்பட்டிருந்தால் அதனை ஐரோப்பிய விதி கழித்துக்கொள்கிறது. இந்தியா 2023 ஜூனில் கார்பன் கடன்புள்ளி வணிகத் திட்டத்தை அறிவித்தது. 2025 அக்டோபரில் அலுமினியம், சிமெண்ட், குளோர்-ஆல்கலி, காகிதம் ஆகிய துறைகளின் ஆலைகளுக்கு உமிழ்வுச் செறிவு இலக்குகள் அறிவிக்கப்பட்டன. இரும்பு உருக்குத் துறையும் இத்திட்டத்தின் வரம்பில் உள்ளது. சிறு காலாக்களுக்கு இதில் நேரடிக் கடமை இல்லை. ஆனால் மூலப்பொருள் தரும் ஆலை இங்கே விலை செலுத்தியிருந்தால், அதற்கான சான்று பிற்காலத்தில் நமக்குப் பயன்படும்.

உருக்கு அமைச்சகம் 2024 டிசம்பரில் பசுமை உருக்குக்கு இலக்கணம் வகுத்தது. டன்னுக்கு 2.2 டன்னுக்குக் குறைவான உமிழ்வுடைய உருக்குக்கு மூன்று நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை தரப்படும், 1.6க்குக் கீழ் ஐந்து நட்சத்திரம். நட்சத்திரக் கணக்கில் மின்சார உமிழ்வும் சேரும். ஆகவே அதனை அப்படியே சிபாம் எண்ணாக எழுதிவிடலாகாது. ஆலைகளை ஒப்பிட்டுப் பார்க்க அது நல்ல வழிகாட்டி.

வளரும் நாடுகளின் சிறு தொழில்மீது இவ்வளவு சுமை நியாயமா என்ற கேள்வியை இந்திய அரசு உலக அரங்குகளில் எழுப்பி வருகிறது. அக்கேள்வியில் பொருள் உண்டு. அதற்கு விடை வரும்வரை சரக்குப் பெட்டகங்கள் காத்திருப்பதில்லை.

வங்கியின் மேசையில்

வங்கியாளர் என்ற முறையில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டுகிறோம்.

முதலாவது, கடன் உறுதிக் கடிதம் எனப்படும் எல்.சி. வாங்குபவர் தேவைப்படும் ஆவணங்களின் பட்டியலில் உமிழ்வு அறிக்கையையும் சேர்த்துவிட்டால், இன்வாய்ஸ், சரக்கு ரசீது ஆகியவற்றோடு அதுவும் இருந்தே ஆக வேண்டும். பன்னாட்டு விதிகளின்படி வங்கி ஆவணங்களைப் பார்த்தே பணம் தருகிறது. சரக்கைப் பார்த்து அன்று. ஓர் ஆவணம் குறைந்தாலும் முரண்பாடு எழும், பணம் தாமதமாகும், பேக்கிங் கிரெடிட் கணக்கில் வட்டி ஓடும். எல்.சி. வந்த அன்றே ஆவணப் பட்டியலைப் படித்து, தர இயலாததைத் திருத்தக் கோருங்கள்.

இரண்டாவது, விற்பனை ஒப்பந்தம். "கார்பன் செலவு யாருடையது? இயல்பு மதிப்பு பயன்படுத்தப்பட்டால் வேறுபாட்டை யார் ஏற்பது?" என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். அறிவிக்கை 2027 செப்டம்பரில்தான் அளிக்கப்படும் என்பதால், 2026இல் விற்ற சரக்குக்கு ஓராண்டு கழித்துப் பற்றுக்குறிப்பு வரக்கூடிய ஒப்பந்தங்களில் கையெழுத்திடுமுன் எச்சரிக்கை தேவை. அத்தகைய பொறுப்பை ஏற்றிருந்தால் அதற்கென லாபத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி வைப்பது கணக்கியல் ஒழுங்கு.

இப்போதே செய்யத்தக்கவை

1. கடந்த ஆண்டின் ஷிப்பிங் பில்களை எடுத்து, ஐரோப்பாவுக்கும் பிரிட்டனுக்கும் சென்றவற்றைக் குறியீட்டு எண் வாரியாகப் பிரித்து, நிகர எடையைக் கூட்டுங்கள்.

2. உருக்கு வாங்கும்போது மில் டெஸ்ட் சான்றிதழைக் கேட்டுப் பெறுங்கள். அதிலுள்ள ஹீட் நம்பரை உங்கள் இருப்புப் பதிவேட்டிலும் உற்பத்திப் பதிவேட்டிலும் எழுதுங்கள். எந்த ஆலையின் எந்தக் கம்பி எந்தப் பெட்டியில் சென்றது என்பதை ஓராண்டு கழித்தும் காட்ட முடிய வேண்டும்.

3. வியாபாரியிடம் சில்லறையாக வாங்குவோர், ஆலையின் பெயரும் உற்பத்தி வழியும் பில்லில் குறிக்கப்பட வேண்டும் என்று கேளுங்கள். பலர் சேர்ந்து ஒரே ஆலையிலிருந்து மொத்தமாக வாங்கினால், ஆலையும் உமிழ்வு விவரம் தர முன்வரும்.

4. டீசல், எரிவாயு, மின்சாரம் ஆகியவற்றின் மாத அளவைத் தனித்தனியே குறித்து வையுங்கள். விதி கேட்காவிட்டாலும் பெரிய ஐரோப்பிய விற்பனை நிறுவனங்கள் தம் சொந்தக் கணக்குக்காகக் கேட்கின்றன. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு என்பது தோராயக் கணக்கு.

5. உத்யம் பதிவைப் புதுப்பித்து வையுங்கள். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 'செட்' சான்றிதழுக்குக் கட்டணத்தில் மானியம் உண்டு. குறு நிறுவனங்களுக்கு அது 80 விழுக்காடு. எரிசக்திச் சிக்கன வாரியம் 2025 ஜூலையில் தொடங்கிய 'அதீதி' திட்டத்தில், தகுதியுள்ள துறைகளில் எரிசக்தி சேமிக்கும் எந்திரக் கடனுக்குக் குறு, சிறு நிறுவனங்களுக்கு 5 விழுக்காடும் நடுத்தர நிறுவனங்களுக்கு 3 விழுக்காடும் வட்டிச் சலுகை கிடைக்கிறது. வார்ப்பாலை, ஃபோர்ஜிங், உருக்கு மறுஉருட்டு ஆகியவை அத்துறைகளுள் அடங்கும். உங்கள் தொழிலும் இடமும் தகுதி பெறுமா என்பதைக் கிளையில் விசாரியுங்கள்.

சரக்கு-சேவை வரி வந்தபோது உள்ளீட்டு வரியின் பில்லைப் பாதுகாக்கக் கற்றுக்கொண்டோம். முந்தைய கட்டத்தில் செலுத்திய வரியின் சான்று கையில் இல்லையென்றால் அது நம் செலவாகவே நின்றுவிடும் என்பதை அனுபவம் கற்பித்தது. கார்பன் கணக்கும் அதே மரபில் வருவதே. உலகின் மொத்த உமிழ்வில் ஏறத்தாழ 28 விழுக்காட்டின் மீது ஏதேனும் ஒரு வகையில் விலை விதிக்கப்பட்டுள்ளதாக உலக வங்கியின் 2025ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. இவ்வளவில் புதிய எந்திரமோ பெரிய முதலீடோ இல்லாமல் ஒரு சிறு காலா செய்யக்கூடிய முதல் காரியம், வாங்கிய கம்பியின் பிறப்பிடத்தைப் பதிவேட்டில் எழுதி வைப்பது. அடுத்த லாரி கம்பி இறங்கும்போதே அதனைத் தொடங்கலாம். ஷிப்பிங் பில்லும் எல்.சி.யும் எடுத்துக்கொண்டு கிளைக்கு வாருங்கள். கணக்கைச் சேர்ந்து போடுவோம்.